சொல்லக் கூசுற இடத்து வலி

போன வாரம் ஊட்டி பஸ்ஸுக்காக நின்னுக்கிட்டு இருந்தேன். பக்கத்து ஹட்டித் தம்பி ஒருத்தர், "என்னண்ணா, இப்ப நல்லா நடக்கிறீங்க. இடுப்பு வலி போயிடுச்சா?" என்று கேட்டார். "இடுப்பு இல்ல தம்பி, கவட்டை வலி. நரம்புக் கோளாறு" என்றேன். தம்பி சுத்திமுத்திப் பார்த்தார். கூட நின்ன ரெண்டு அம்மாக்கள் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் அவர், "சரிண்ணா, இந்த வருஷம் இலை விலை எப்படிப் போகுதோ" என்று பேச்சை மாத்திட்டார்.

அவர் மேல எனக்கு வருத்தமில்லை. ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் பேச்சை மாத்திக்கிட்டு இருந்தேன். அதனால எனக்கு என்ன ஆச்சுன்னு இங்கே எழுதுறேன். வயசுப் பிள்ளைங்களும் இதைப் படிப்பாங்கன்னு தெரியும். படிக்கட்டும், தப்பில்லை.

எனக்கு வலது பக்கம் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆச்சு. வலை மாதிரி ஒண்ணு வெச்சுத் தைச்சாங்க. ஒரு குறையும் இல்லாம ஆறுச்சு. ரெண்டு மாசத்துல தோட்டத்துக்குப் போக ஆரம்பிச்சேன். ஏழெட்டு மாசம் கழிச்சு, ஒரு மழை நாள்ல இலை மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறும்போது, தையல் போட்ட இடத்துக்குக் கீழே சுருக்குன்னு ஒண்ணு இழுத்துச்சு. அன்னைக்கு ராத்திரியிலிருந்து தொடையோட உள்பக்கம் மேலேயும், விரைப் பையிலேயும் எரிச்சல். காஞ்ச மிளகாயை அரைச்சுத் தடவினா எப்படி இருக்கும், அப்படி. துணி பட்டாலே கூசும். உட்கார்ந்து எழுந்தா குத்தும். கவட்டையை மடக்கிப் படுத்தா கொஞ்சம் அடங்கும்.

இதை யார்கிட்டச் சொல்றது? வீட்டுக்காரிகிட்டயே சொல்லலை. முதல்ல படைன்னு நினைச்சேன். மழைக்காலத்துல ஈரத் துணியோட வேலை செய்யுற நமக்குத் தொடையிடுக்குல படை வர்றது சகஜம்தானே. மெடிக்கல் ஷாப்புல போய்ப் "படைக்கு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்கிட்டு வந்தேன். மூணு ட்யூப் தீர்ந்துச்சு. தோல்ல ஒரு பொட்டுகூட இல்லை, எரிச்சல் மட்டும் அப்படியே இருந்துச்சு. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

அப்புறம் ஒரு டாக்டர்கிட்டப் போனேன். போனா, சின்ன வயசுப் பொண்ணு. என் மகளைவிட ரெண்டு வயசு கூட இருந்தா அதிகம். "என்ன ஐயா பண்ணுது?" என்று கேட்டாங்க. எனக்கு வாய் வரலை. "இடுப்பு வலிங்க டாக்டரம்மா" என்று சொல்லிட்டேன். பாவம், அவங்களும் இடுப்பைத்தான் பார்த்தாங்க. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. அம்பது தாண்டின விவசாயியோட முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தா ஏதாவது தேய்மானம் தெரியாமலா இருக்கும்? இடுப்புக்கு பெல்ட் போடச் சொன்னாங்க. அந்த பெல்ட்டை இறுக்கிக் கட்டினா அதோட கீழ் ஓரம் சரியா வலிக்கிற இடத்துல அழுத்தும். எரிச்சல் ரெண்டு மடங்காச்சு. டாக்டர் மேல தப்பே இல்லை. வடக்கே போகணும்னு வழி கேட்டவன் தெற்கே கையைக் காட்டினா, வழி சொல்றவங்க என்ன செய்வாங்க?

கடைசியில் இன்னொரு டாக்டர், வயசானவர், கட்டில்ல படுக்க வெச்சு, வயித்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டே, "தையல் போட்ட இடத்துல தொட்டா எங்கே போய் வலிக்குது, விரலை வெச்சுக் காட்டுங்க" என்றார். வாயால சொல்ல வேண்டியதில்லை, காட்டினாப் போதும்னு ஆனதும் காட்டிட்டேன். ஒரு நிமிஷத்துல விஷயம் வெளியே வந்துடுச்சு.

அவர் எனக்குப் புரியிற மாதிரி சொன்னதை எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். நம்ம கீழ் முதுகுல, முதுகெலும்பு இடுப்புப் பகுதியோட முதல் ரெண்டு எலும்புக்கிட்ட இருந்து ஒரு நரம்பு கிளம்புது. அது பேரு ஜெனிட்டோ ஃபெமரல் நரம்பு. ஜெனிட்டோன்னா பிறப்புறுப்பு, ஃபெமரல்னா தொடை. பேரிலேயே அது போய்ச் சேர்ற ஊர் இருக்கு. முதுகெலும்புக்குப் பக்கத்துல காலை மடக்கித் தூக்குறதுக்கு ஒரு தடியான தசை இருக்கு, சோவாஸ்னு பேரு. இந்த நரம்பு அந்தத் தசைக்குள்ள புகுந்து, முன்பக்கமா வெளியே வந்து, அது மேலயே கீழ் நோக்கி இறங்குது. கவட்டைக்கு மேல ரெண்டாப் பிரியுது. ஒரு கிளை குடலிறக்கம் வருமே, அதே கால்வாய் வழியா ஆம்பளைக்கு விரைப் பைக்கும், பொம்பளைக்குப் பிறப்புறுப்போட வெளித் தோலுக்கும் போகுது. இன்னொரு கிளை தொடையோட முன்பக்கம் மேல் தோலுக்குப் போகுது. இதே அக்கம்பக்கத்துல இலியோ இங்குவைனல்னு ஒண்ணு, இலியோ ஹைப்போகாஸ்ட்ரிக்னு ஒண்ணு, இன்னும் ரெண்டு நரம்பு இருக்கு. மூணும் பங்காளிங்க மாதிரி. ஒருத்தர் எல்லைக்குள்ள இன்னொருத்தர் புகுந்து கிடப்பாங்க. அதனால எது நோகுதுன்னு கண்டுபிடிக்க டாக்டருக்கே சிரமம்தான்.

தண்ணித் தொட்டி மேட்டுல இருக்கு, கேரட் வயல் பள்ளத்துல இருக்கு. நடுவுல ஹோஸ் மேல கல்லு விழுந்தா கீழே தண்ணி வராது. நாம கீழே குழாய் வாயைக் குத்திக் குத்திப் பார்த்துக்கிட்டு இருப்போம். நரம்பும் அப்படித்தான். மாட்டினது ஒரு இடம், எரியிறது இன்னொரு இடம். நான் எரிஞ்ச இடத்துல படை மருந்து போட்டேன். அப்புறம் ஹோஸ் கிளம்புற இடத்துக்கு பெல்ட் போட்டேன். கல்லு இருந்தது நடுவுல, பழைய தையல்கிட்ட.

இது புது வியாதியும் இல்லை. 1942லேயே கனடாவுல மகீங்கிற டாக்டர் இந்த நரம்பு வலியைத் தனி நோயாகப் பிரிச்சு எழுதியிருக்கார். குடலிறக்க ஆபரேஷன், குடல்வால் ஆபரேஷன், சிசேரியன் இதுக்கெல்லாம் அப்புறம் தழும்புல நரம்பு மாட்டிக்கிட்டு இப்படி வர்றது உண்டு. குடலிறக்க ஆபரேஷன் செஞ்சவங்கள்ல நூத்துக்குப் பத்துப் பேர் அளவுக்கு, தொந்தரவு கொடுக்கிற வலி மாசக்கணக்கா நிக்குதுன்னு டாக்டர்களே ஒத்துக்கிறாங்க. இதைப் படிச்சிட்டு ஆபரேஷனே வேண்டாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. இறங்கின குடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் செய்யுங்க. அதுக்கப்புறம் வலி நின்னா, வெட்கப்படாம திரும்பப் போய்ச் சொல்லுங்க. நான் சொல்றது அவ்வளவுதான்.

எனக்கு என்ன செஞ்சாங்கன்னா, ஸ்கேன் மிஷின்ல பார்த்துக்கிட்டே நரம்புக்குப் பக்கத்துல மரத்துப் போற ஊசி போட்டாங்க. முதல் ஊசிக்குப் பாதி எரிச்சல்தான் போச்சு. அது பங்காளி நரம்பு. அடுத்த தடவை வேற இடத்துல போட்டதும், சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுச்சு. சில மணி நேரம்தான். ஆனா ரெண்டு வருஷத்துல முதல் தடவையா அன்னைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது டீயோட ருசி தெரிஞ்சது. இதைச் சொன்னா சிரிப்பீங்க. வலியோட இருக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க. ஊசிக்கு வலி அடங்கினதால எந்த நரம்புன்னு உறுதியாச்சு. அப்புறம் ராத்திரியில நரம்பு வலிக்கு மாத்திரை, பிசியோதெரபி, மூட்டை தூக்குறதுல கட்டுப்பாடு. முழுசாப் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். பத்துக்கு எட்டு இருந்தது இப்ப ரெண்டு. குளிர் அதிகமா இருக்கிற காலையில மூணு. மாத்திரை பேரை எழுதச் சொல்லி யாரும் கேட்காதீங்க. என் மாத்திரை உங்களுக்கு ஆகாது.

இனிமேல் எழுதப் போறதுதான் எனக்கு முக்கியம்.

ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு, "எனக்கும் அந்த மாதிரி இருக்குது" என்றாள். எங்க சின்னவன் பொறந்தது சிசேரியன்ல. அந்தத் தழும்போட இடது முனையிலிருந்து கீழே எரிச்சலும் குத்தலும். இலை பறிக்கும்போது இடுப்புல பிளாஸ்டிக் தாளைக் கட்டினா அதிகமாகுமாம். சின்னவனுக்கு இப்ப வயசு இருபத்தொண்ணு. அத்தனை வருஷம் அவ சொல்லலை. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "யாருகிட்டச் சொல்றது? உங்ககிட்டயா?" என்று கேட்டாள். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னைக்கும் இல்லை.

நான் ரெண்டு வருஷம் மறைச்சதையே பெரிய கதையா எழுதிக்கிட்டு இருக்கேன். அவ மறைச்சது இருபத்தொரு வருஷம். அத்தனை வருஷமும் ஒரே தோட்டத்துல, பக்கத்து வரிசையில நின்னு இலை பறிச்சிருக்கோம். நின்னு நின்னு மெதுவாப் பறிக்கிறான்னு நான் கோவிச்சுக்கிட்டது எத்தனை தடவைன்னு எனக்குத்தான் தெரியும்.

நம்ம மலையில இப்படி எத்தனை பேர் இருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இலை பறிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பொம்பளைங்க. மழையிலும் பனியிலும் நனையாம இருக்க, செடி குத்தாம இருக்க, இடுப்புல தாளோ சாக்கோ சுத்திக் கயித்தால இறுக்கிக் கட்டுறாங்க. காலையில கட்டினா மத்தியானம் வரைக்கும் அவிழ்க்கிறதில்லை. இடுப்பு எலும்போட முன் முனைக்குப் பக்கத்துல தோலுக்குக் கிட்டவே இன்னொரு நரம்பு தொடைக்கு இறங்குது. அதை இறுக்கமான பெல்ட்டோ கயிறோ அழுத்தினா தொடையோட வெளிப்பக்கம் மரத்துப் போகும், எரியும். இதுக்கு மெரால்ஜியா பரஸ்தெட்டிகான்னு பேர். 1895ல் பெர்ன்ஹார்ட், ரோத்னு ரெண்டு டாக்டர்கள் இதைப் பத்தி எழுதினாங்க. அதே வருஷம், மனசு வைத்தியத்துக்குப் பேர் போன சிக்மண்ட் ஃப்ராய்டு தன்னோட தொடையிலேயே இந்த நோய் இருந்ததை ஒரு கட்டுரையா எழுதினார். அவ்வளவு பெரிய ஆளே ஊரறியச் சொல்லியிருக்கார். நமக்கு என்ன கௌரவம் குறைஞ்சு போயிடப் போகுது?

மூட்டை விஷயத்தையும் சொல்லணும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போற உருளைக்கிழங்கு மூட்டை 45 கிலோ. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967ல், வயசு வந்த ஆம்பளை தூக்குற சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாதுன்னும், பொம்பளைங்களுக்கு அதைவிட ரொம்பக் குறைவா இருக்கணும்னும் பரிந்துரை செஞ்சது. அந்தக் கணக்குல நம்ம மூட்டை எல்லைக்குள்ளதான் வருது. ஆனா அந்தக் கணக்குக்கு நம்ம சரிவு தெரியாது, வழுக்குற மண்ணு தெரியாது. ஆபரேஷன் ஆன வயித்தோட மேட்டுல ஏறினவனுக்குத்தான் தெரியும். இலை மூட்டையை அமுக்கி அமுக்கி நிரப்பாம, பாதிப் பாதியா ரெண்டு நடை கொண்டு வந்தா என்ன குறைஞ்சிடும்? கூலி ஆள் வெச்சிருக்கிறவங்களும் இதை நினைச்சுப் பார்க்கணும். நான் உட்பட.

என் கருத்து இதுதான். நம்ம ஊர்ல கவட்டை வலிக்கு மருந்து இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல வாய்தான் இல்லை. முன்னே எதுக்கெடுத்தாலும் கோயமுத்தூருக்கு இறங்கணும்னு சாக்குச் சொல்வோம். இப்ப ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 700 படுக்கையோட 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறாங்க, சர்க்கரை பார்க்கிறாங்க, தேவைப்பட்டவங்களுக்குப் பிசியோதெரபியும் செய்யுறாங்க. அப்படி வர்ற சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கூடவே ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்க: "இடுப்புக்குக் கீழே, சொல்லக் கூச்சமா இருக்கிற இடத்துல எரிச்சலோ மரப்போ இருக்கா?" கேட்டா சொல்வாங்க. கேட்காம யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பெரிய டாக்டர் "விரலை வெச்சுக் காட்டுங்க" என்று சொன்ன மாதிரி ஒரு வழி காட்டினாப் போதும்.

டாக்டர்கிட்டப் போறவங்களுக்கும் சொல்றேன். வாய் வரலைன்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுங்க. எங்கே ஆரம்பிக்குது, எதுவரைக்கும் போகுது, என்ன செஞ்சா அதிகமாகுது, முன்னே அந்தப் பக்கம் என்ன ஆபரேஷன் ஆச்சு. நாலு வரி போதும். டாக்டர் பொம்பளையா ஆம்பளையான்னு பார்க்காதீங்க. அவங்களுக்கு இது கை கால் மாதிரி இன்னொரு உறுப்பு, அவ்வளவுதான்.

கவட்டையில வலிச்சா எல்லாம் நரம்புன்னு நீங்களே முடிவு கட்டவும் கூடாது. குடலிறக்கமா இருக்கலாம், இடுப்பு மூட்டுத் தேய்மானமா இருக்கலாம், பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை சம்பந்தமா இருக்கலாம். சிறுநீரகக் கல்லு வலிகூட விலாவிலிருந்து கவட்டைக்கு இறங்கும். ரெண்டுக்கும் நரம்பு கிளம்புற இடம் பக்கம் பக்கம்தான்.

சில விஷயத்துக்கு விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது. விரையில திடீர்னு பொறுக்க முடியாத வலி வந்தா, முக்கியமா பையன்களுக்கு, அது முறுக்கிக்கிட்டதா இருக்கலாம். சில மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போகலைன்னா அந்த விரையே போயிடும். கவட்டையில புடைச்ச கட்டி உள்ளே போகாம வலியும் வாந்தியும் வந்தாலும் உடனே போகணும். முதுகு வலியோட, உட்கார்ற இடம் மரத்துப் போய், மூத்திரம் அடைச்சுக்கிட்டாலோ தெரியாமப் போனாலோ, காலுல பலம் குறைஞ்சாலோ, அதுவும் அவசரம்தான். இந்த மூணுலயும் வெட்கப்பட்டா விலை ரொம்பப் பெரிசு. உங்க வீட்டுப் பையன் "அங்கே வலிக்குது" என்று சொன்னா, "சீ, என்ன பேச்சு" என்று அதட்டாதீங்க. எனக்குச் சின்ன வயசுல கிடைச்சது அந்த அதட்டல்தான். அதுதான் அம்பது வயசுலயும் டாக்டர் முன்னால என் வாயைக் கட்டிப் போட்டுச்சு.

வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஊசி ஒண்ணு போட்டிருக்காங்க, மாத்திரை சாப்பிடுறா. இடுப்புல கயிறு கட்டுறதை விட்டுட்டு, தோள்ல மாட்டுற மாதிரி ஒரு தாளை அவளே தைச்சுக்கிட்டா. பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு பேர் அதைப் பார்த்துட்டு ஏன்னு கேட்டாங்களாம். "சொன்னியா?" என்று கேட்டேன். "ஒருத்திகிட்டச் சொன்னேன். அவளும் அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வர்றாளாம்" என்றாள்.

அடுத்த பதிவுல கேரட் விதை விலை பத்தி எழுதுறேன்.